கொட்டித் தீர்த்த மழை... மண்ணுக்குள் போனது எவ்வளவு?

'நேற்று 2 செ.மீ மழை பதிவானது' என்று செய்தி வருகிறது. மானாவாரி விவசாயி மறுநாள் காலை மண்வெட்டியோடு வயலில் இறங்குகிறார். மேலே சேறு. இரண்டு விரற்கடைக்குக் கீழே கொத்தினால், புழுதி பறக்கிறது!

பெய்த மழை எங்கே போனது?

செம்மண் நிலங்களில் இது புதிதல்ல. வேகமாக விழும் மழைத்துளி, மண்கட்டியை உடைத்துத் தூளாக்குகிறது. அந்தத் தூள் மண்ணில் உள்ள நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. வெயில் ஏறியதும் மேல்மண் பாலாடை போலப் படிந்து இறுகுகிறது. இதுதான் பொருக்கு. சில மில்லிமீட்டர் கனம்தான். ஆனால், அடுத்த மழைக்கு அதுதான் வாசல், அதுவே பூட்டு.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு மணி நேரத்தில் 20 மி.மீ மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருக்கு உள்ளே விடுவது 5 மி.மீ மட்டும் என்றால், மீதி 15 மி.மீ வழிந்தோடிவிடும். ஒரு ஏக்கரில் இது சுமார் 60,000 லிட்டர். அதாவது, 12,000 லிட்டர் கொள்ளளவுள்ள 5 தண்ணீர் லாரிகள்!

காய்ந்த மண்ணின் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் நிரப்பும் என்று கொண்டால், 20 மி.மீ மழையும் இறங்கினால் 10 செ.மீ ஆழம் நனையும். 5 மி.மீ என்றால் இரண்டரை செ.மீதான். நிலக்கடலை விதை கிடப்பதோ 4, 5 செ.மீ ஆழத்தில். மழை பெய்தும் விதை நனையவில்லை. நனைந்து முளைத்தாலும், பொருக்கைப் பிளந்து வெளியே வர முளை திணறும்.

நூறாண்டு பழைய சூத்திரம்

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வேகத்தைக் கணக்கிட, ஆஸ்திரேலியாவின் கிரீன், ஆம்ப்ட் இருவரும் 1911-ல் ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள். மேலே நனைந்த மண், கீழே காய்ந்த மண், நடுவே கோடு கிழித்ததுபோல ஓர் எல்லை. காய்ந்த மண் தண்ணீரைக் கீழே உறிஞ்சி இழுக்கிறது. ஈரம் ஆழமாக இறங்க இறங்க, வேகம் குறைகிறது.

நிஜ வயல் ஒரே சீராக இருப்பதில்லை. மேலே பொருக்கு, அடுத்து உழுத மண், அதற்கும் கீழே கலப்பையும் டிராக்டரும் பல வருடம் அழுத்திய கெட்டி மண். அதனால், கணினி மாதிரிகளில் ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி எண் கொடுக்கிறார்கள். மேலே பொருக்கு இறுகியிருந்தால், கீழே எவ்வளவு நல்ல மண் இருந்தும் பயனில்லை.

இன்னோர் ஆச்சர்யம்... களிமண்ணுக்குக் கீழே பருமணல் இருந்தால், தண்ணீர் சட்டென்று இறங்காது. களியின் நுண்துளைகள் ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலே நன்றாக நிறைந்த பிறகே மணலுக்குள் சொட்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

காய்ந்த மண்கட்டி ஒன்றை, ஒரு டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். சில நிமிடங்களில் கரைந்து குழம்பினால், அந்த மண் பொருக்கு தட்டக்கூடியது. உருக்குலையாமல் நின்றால், மண்ணில் மட்குச் சத்து இருக்கிறது என்று நம்பலாம்.

என்ன செய்யலாம்?

* ஏக்கருக்கு 5 டன் அளவுக்கு மக்கிய தொழு உரம் இட்டால், மண்கட்டி எளிதில் உடையாது.
* பயிர்க்கழிவை மூடாக்காகப் பரப்பினால், துளியின் அடி மண்ணில் விழாது.
* பொருக்கு தட்டிவிட்டால், லேசாகக் கொத்திவிடலாம். முளைக்கும் விதையைக் கிளறிவிடக் கூடாது.
* அடிமண் கெட்டியாக இருந்தால், கோடையில் உளிக் கலப்பை ஓட்டலாம்.

மழை மானியில் பதிவானதெல்லாம் வானத்தின் கணக்கு. விதைப்புக்கு முன்பு வயலில் ஒரு சாண் தோண்டி, ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் பயிரின் கணக்கு!