காலை அடுப்பில் வைத்த பேயும், போக மாட்டேன் என்ற பிள்ளையும்

பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் யூடியூபில் 'ஜகன்மோகினி' பார்த்துக்கொண்டிருந்தான். விட்டலாச்சார்யா எடுத்த 1978ஆம் வருடத்துப் படம். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்து நம் ஊர்ப்பக்கமெல்லாம் சக்கைப்போடு போட்டது. பேயான ஜெயமாலினி தன் கால்களையே விறகாக அடுப்பில் நீட்டிச் சமைக்கும் காட்சி வந்ததும் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. "விறகு இல்லாத வீட்ல அவ வேற எதைத்தான் வைப்பா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தைதான் இதை எழுத வைக்கிறது.

எனக்கு இந்தப் படங்கள் பிடிக்கும். வாத்தியார் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். முதுநகரில் வாலிப வயதில் கொட்டகைத் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து, இரண்டாம் ஆட்டம் பார்த்து வளர்ந்தவன் நான். படம் விட்டு வரும்போது மணி ஒன்றரை இருக்கும். உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று வரும், சவுக்குத் தோப்பு 'உஸ்ஸ்' என்று இரையும். உள்ளே கேலி பேசிய நாலு பேரும் வெளியே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நடப்போம். கேலியும் பயமும் ஒன்றாகக் கிடைக்கும், அதுதான் அந்தப் படங்களின் ருசி.

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், இவற்றை வைத்தே பல பாடம் நடத்தியிருக்கிறேன். பேய் வரும்போது புகை ஏன் மேலே போகாமல் தரையோடு தவழ்கிறது? அது உலர்பனி. மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் திடக் கரியமில வாயு. குளிர்ந்த அந்த வாயு காற்றைவிடக் கனம், அதனால் கீழேயே கிடக்கிறது. நடுச்சாமக் காட்டில் மரத்துக்கு நிழல் விழுகிறதே, எப்படி? இரவில் படம் எடுக்க ஜெனரேட்டரும் பெரிய விளக்குகளும் வேண்டும், அதற்குக் காசு இல்லை. பட்டப்பகலில் கேமராவுக்கு முன் நீல வடிகட்டி போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிடுவார்கள். உடம்பு தெரியாமல் ஊடுருவித் தெரியும் பேய்? ஒரே பிலிமைப் பின்னால் சுற்றி, அதன் மேலேயே மறுபடி எடுப்பது.

காசில்லாத குறையே இந்தப் படங்களுக்குப் பலமாக இருந்திருக்கிறது. பேயை முழுதாகக் காட்டினால் மாவு பூசிய முகம் என்று தெரிந்துவிடும். அதனால் கொலுசுச் சத்தம், ஆடும் ஊஞ்சல், தானே திறக்கும் கதவு என்று நிறுத்திக்கொள்வார்கள். மிச்சத்தை நம் மனசு போட்டு நிரப்பிக்கொள்ளும். பம்பாயில் ராம்சே சகோதரர்கள் ஏழு பேர், கேமராவுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், இயக்கத்துக்கு இருவர் என்று குடும்பமாகவே படம் எடுத்தார்கள். 'புரானா மந்திர்' 1984இல் வந்து நன்றாக ஓடியது. அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த நடைப்பிணப் படத்தில் ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம், யாருக்குத் தெரியப்போகிறது! நம் பக்கம் 'யார்?' 1985இல், 'மை டியர் லிசா' 1987இல், '13ஆம் நம்பர் வீடு' 1990இல் வந்தன. இன்று கோடி கோடியாகக் கொட்டி எடுப்பவை சத்தத்தில் நம்மைத் தூக்கிப்போடுகின்றன. வீடு வரை கூட வருவதில்லை.

இதுவரை பாராட்டு. இனி மனசில் உறுத்துவது.

யோசித்துப் பாருங்கள், நம் படங்களில் பேய் பெரும்பாலும் யார்? ஏமாற்றப்பட்ட பெண், கெடுக்கப்பட்ட பெண், கொல்லப்பட்ட பெண். உயிரோடு இருக்கும்வரை அவள் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை. செத்து, தலையை விரித்துப் போட்டு, இன்னொருத்தி உடம்பில் ஏறி வந்தால்தான் ஊரே நின்று கேட்கிறது. அவள் பழிவாங்கும்போது கொட்டகையில் பெண்கள் பக்கமிருந்துதான் பலமாகக் கைதட்டல் வரும். ஆனால் கடைசி ரீலில் என்ன ஆகும்? மந்திரவாதி வருவார். வேப்பிலையாலும் சாட்டையாலும் அடித்து, "போறியா இல்லையா?" என்பார். அவள் "போக மாட்டேன்" என்பாள். மறுபடி அடி. பிறகு சுபம்.

இதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது பழகிவிட்டது. எவ்வளவு பழகிவிட்டது என்பதற்கு நானே சாட்சி.

1988ஆம் வருடம், ஒன்பதாம் வகுப்பு. காலை வழிபாட்டில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். எழுந்ததும் கரகரத்த குரலில், "விட்ருங்க, நான் போக மாட்டேன், போக மாட்டேன்" என்று கத்தினாள். கூட்டத்தில் யாரோ "பேய்" என்றார்கள். அந்தச் சொல்லே தீர்ப்பாகிவிட்டது. வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். எங்கேயோ கொண்டுபோய் வேப்பிலை அடித்ததாகச் சொன்னார்கள். திரும்பி வந்த ஒரு வாரமும் பையன்கள் அவளை 'லிசா' என்று கூப்பிட்டார்கள். வகுப்பாசிரியர் நான். அதட்டவில்லை. ஒருமுறை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

பல வருடம் கழித்து, ஆனித் திருமஞ்சனத்துக்குப் போனபோது சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஓர் அம்மாள், "சார், என்னைத் தெரியுதா?" என்றாள். கையில் பேரப்பிள்ளை. பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "போக மாட்டேன்னு சொன்னது பேய் இல்ல சார், நான்தான். அந்த வைகாசியில எங்க மாமாவுக்குக் கட்டிக்குடுக்க நாள் குறிச்சிட்டாங்க. அடிக்க அடிக்க நானும் அதையேதான் சொன்னேன். அவங்க பேய்கிட்ட பேசிட்டிருந்தாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. "ஒரு வார்த்தை என்னம்மான்னு கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். "ஆமா சார்" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். யாரென்று தேடாதீர்கள்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று இந்தப் பிள்ளையின் முகம்தான் என் கண்முன் வந்தது.

அதனால் படங்களைத் தடை செய்யவேண்டும் என்று சொல்ல வரவில்லை. சினிமாதான் பேயோட்டுதலைக் கண்டுபிடித்தது என்றும் சொல்லமாட்டேன். அது அதற்கு முன்பே ஊரில் இருந்தது. படம் அதற்கு வெளிச்சம் போட்டுக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அதே படம்தான், அந்தப் பெண்ணுக்கு அநியாயம் நடந்தது என்பதையும் இரண்டரை மணி நேரம் எடுத்துச் சொன்னது. நாங்கள் பயந்ததும் சிரித்ததும் போக, அதைக் கேட்கவில்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். நிழலைக் காட்டிச் சிரியுங்கள், புகைக்குக் காரணம் கேளுங்கள். பிறகு, "அந்தப் பேய் உயிரோட இருந்தப்ப யாராவது அவ சொன்னதைக் கேட்டிருந்தா படம் எத்தனை ரீல் ஓடியிருக்கும்?" என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை திடீரென்று பேச்சு மாறினால், முதலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேளுங்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த ஞாயிறு பேரன் 'மை டியர் லிசா' பார்க்கவேண்டும் என்கிறான். நானும் உட்காரப் போகிறேன். இந்த முறை வீட்டம்மாவும் கூட இருப்பாள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
கடலூர் முதுநகர்