விஷம் எடுக்கும் அனுமதி தாமதமானால் விவசாயி உயிர் போகும்!



உர விலை, நெல் கொள்முதல், ஏரி மதகு, பயிர்க் காப்பீடு என்று எத்தனையோ பிரச்சினைகளுக்கு உங்கள் கையில் துண்டறிக்கை கொடுத்திருக்கிறோம். இந்த முறை பாம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சங்கத்துக்கு வேற வேலை இல்லையா, பாம்புக் கதை பேசறீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். இதைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

போன சம்பாவில் நம் சங்க உறுப்பினர் ஒருவர், ஒன்றரை ஏக்கர்காரர், ராத்திரி மோட்டார் போடப் போனார். வரப்பில் கண்ணாடி விரியன். குக்கர் சீறுவது மாதிரி சத்தம் கேட்டு டார்ச்சைத் திருப்புவதற்குள் காலில் போட்டுவிட்டது. இரண்டு பேர் நடுவில் பைக்கில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனோம். "மருந்து ஸ்டாக் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்கள். போய்ச் சேர மூன்று மணி நேரம். உயிர் பிழைத்தது. சிறுநீரகம் பிழைக்கவில்லை. இன்றைக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒன்றரை ஏக்கரில் அரை ஏக்கர் கைமாறிவிட்டது. அவருக்கு என்ன தப்பு, யார் மேல் தப்பு என்று நாங்கள் தேட ஆரம்பித்தோம். தேடிய இடத்தில் கிடைத்ததுதான் இந்த அறிக்கை.

சாவது யார்?

2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இதில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். மழைக்காலத்தில், விதைப்பிலும் நடவிலும் அறுப்பிலும் இருக்கும்போது கடிபட்டவர்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவரை எந்த விரியனும் தேடிப் போவதில்லை. செருப்பில்லாமல் சேற்றில் இறங்குகிற நம்மைத்தான் தீண்டுகிறது. தரையில் பாய் போட்டுப் படுக்கிற நம் பிள்ளையைத்தான் கட்டுவிரியன் கடிக்கிறது. அந்தக் கடி வலிப்பதுகூட இல்லை. விடியும்போது கண் இமை தூக்க முடியாமல் போனால்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது பாம்புக்கடி மட்டுமா? கடிபடுகிறவனும்தான்!

மருந்து எங்கிருந்து வருகிறது?

பாம்புக்கடிக்கு ஒரே மருந்து விஷமுறிவு ஊசி. மந்திரமும் வேரும் கல்லும் வாயால் உறிஞ்சுவதும் மருந்தல்ல. இந்த ஊசி மருந்தைக் கம்பெனிக்காரர் ரசாயனம் கலக்கிச் செய்துவிட முடியாது. பாம்பின் விஷத்தை மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து எடுத்துத்தான் மருந்து செய்கிறார்கள். ஆக, விஷம் இல்லை என்றால் மருந்து இல்லை. பாம்பைப் பிடிக்க ஆள் இல்லை என்றால் விஷம் இல்லை.

அந்த ஆள் யார்? நம் வரப்பில் எலி வளை தோண்டுகிறாரே, நாம் "ஏய்" என்று கூப்பிடுகிறோமே, அந்த இருளர்தான்! வில்லியர் என்று நம் பக்கம் சொல்கிற அதே மக்கள்தான்!

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகைப் பாம்பைப் பிடித்து வந்து, மண்பானையில் விட்டு, வாய்க்குத் துணி கட்டி வைக்கிறார்கள். சுமார் மூன்று வாரம் வைத்திருந்து நாலு முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விடுகிறார்கள். விட்ட பாம்பு மறுபடி மாட்டினால் அடையாளத்தைப் பார்த்துத் திருப்பி விட்டுவிடுவார்கள். எடுத்த விஷத்தை உலர்த்திப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி பல்லாண்டுகளாக இங்கிருந்துதான் போகிறது.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். வடக்கே எங்கோ கரும்பு வெட்டும் ஒரு தொழிலாளி பாம்புக்கடியிலிருந்து பிழைத்தால், அவர் உடம்பில் ஏறிய மருந்துக்குப் பின்னால் நம் ஊர் இருளரின் வெறுங்கை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு இருளர் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றார்கள். லட்சக்கணக்கில் தோல் கப்பலேறியது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. இதை நாங்கள் குறை சொல்லவில்லை. பாம்பு அழிந்தால் எலி பெருகும். எலி பெருகினால் நம் களத்துக்கு வரவேண்டிய நெல் வளைக்குள் போகும். சட்டம் சரி. ஆனால் தடை போட்ட கையோடு, அந்தத் தொழிலை நம்பியிருந்தவன் நாளைக்கு எதைத் தின்பான் என்று யோசித்தார்களா? தோலில் சம்பாதித்த வியாபாரி வேறு வியாபாரம் பார்க்கப் போனான். பட்டினி கிடந்தது இருளர் குடிசை. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978இல் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். கொன்று தோலை உரித்த தொழில், உயிரோடு வைத்து விஷம் எடுக்கும் தொழிலாக மாறியது. பாம்பும் பிழைத்தது, இருளரும் பிழைத்தார், நாமும் பிழைத்தோம்.

இனிமேல்தான் காகிதக் கதை.

சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுக்க அனுமதி தரலாம். தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். விஷத்தை எடுக்கவும் விற்கவும் 44ஆம் பிரிவில் உரிமம் வேண்டும். எந்த வகையில் எத்தனை பாம்பு, எந்தப் பகுதியில், எந்தக் காலத்துக்குள் என்று எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. கூட்டுறவுச் சங்கம் இருப்பதோ தொழில் வணிகத் துறையின் கீழ். அனுமதி தர வேண்டியதோ வனத்துறை. மருந்து வாங்க வேண்டியது சுகாதாரத் துறை. மூன்று துறைக்கும் நடுவில் ஒரு பானை. அந்தப் பானைக்குள் பாம்பு இருந்தால் நமக்கு மருந்து. அனுமதிக் காகிதம் வராமல் பானைகள் காலியாகக் கிடந்த காலங்களும் உண்டு.

2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் முதல் பட்டியலுக்கு ஏறிவிட்டன. புலி, யானை இருக்கும் பட்டியல் அது. 12ஆம் பிரிவின்படி முதல் பட்டியல் விலங்கைப் பிடிக்க அனுமதி தருவதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். சென்னையில் நகர்ந்த கோப்பு இனி தில்லி வரைக்கும் நகர வேண்டும்! முதல் பட்டியல் விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கையில் காகிதம் இருந்தால் உயிர் காக்கிறவர். காகிதம் ஒரு மாதம் தாமதமானால் அதே ஆள், அதே பாம்பு, அதே வேலை. ஆனால் கைதி! என்ன நியாயம் இது?

"அனுமதி இல்லாமல் விட்டால் ஆளாளுக்குப் பிடித்து விற்பார்களே" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. விஷத்தை வைத்துத் திருட்டு வியாபாரம் செய்கிறவனும், பாம்பைக் கழுத்தில் போட்டு விளையாட்டுக் காட்டுகிறவனும் இருக்கத்தான் செய்கிறான். அவனைப் பிடியுங்கள், உள்ளே தள்ளுங்கள், நாங்களே சாட்சி சொல்ல வருகிறோம். அனுமதி முறையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாம்புக்கு அடையாளம் போட்டு, பதிவேடு எழுதி, 1978 முதல் கணக்குக் காட்டுகிற கூட்டுறவையும் அந்தத் திருடனையும் ஒரே தராசில் நிறுத்தாதே என்றுதான் சொல்கிறோம்.

2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது மத்திய அரசு. 2017இல் இவர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். அங்கே பெருகித் தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளைப் பிடிக்க இவர்கள் கைதான் வேண்டியிருந்தது. மகிழ்ச்சி, பெருமை. ஆனால் நம் ஊரில், தோளில் பையோடு நடக்கிற சாதாரண இருளரை வழியில் நிறுத்தி, "பையில என்னடா?" என்று கேட்பது இன்னும் நிற்கவில்லையே! விருது இரண்டு பேருக்கு, சந்தேகம் மொத்தச் சாதிக்குமா?

நம் மேலும் தப்பு இருக்கிறது

அதிகாரியை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் இந்தச் சங்கம் நேர்மையான சங்கம் ஆகாது. நாம் என்ன செய்தோம்? எலி பிடிக்க வரும்போது அவர்களை வரப்பில் விடுகிறோம், வாசலில் விடுவதில்லை. "வரப்பு சரியுது" என்று விரட்டுகிறவர்கள் நம்மில் இல்லையா? கண்ணில் பட்ட பாம்பை எல்லாம், விஷமில்லாத சாரைப்பாம்பையும் தண்ணீர்ப் பாம்பையும் சேர்த்து, அடித்துப் போட்டுவிட்டு மீசை முறுக்குகிறோம். உயிருக்கு ஆபத்தில் தற்காப்புக்காக அடித்தால் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஓடுகிற பாம்பைத் துரத்தி அடிப்பது தற்காப்பா? பாம்பைக் கொன்று, எலிக்கு மருந்து வைத்து, அந்த மருந்துக்கும் நாமே காசு கொடுக்கிறோம். இருளரின் பிரச்சினை வேறு, விவசாயியின் பிரச்சினை வேறு என்று நினைத்ததால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கு நாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

இன்னொரு விஷயம். ஓர் ஊர் பாம்பின் விஷம் மாதிரியே எல்லா ஊர் விஷமும் இருப்பதில்லை. ஒரே கண்ணாடி விரியனாக இருந்தாலும் இடத்துக்கு இடம் விஷத்தின் தன்மை மாறுகிறது என்று விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு மாவட்டத்துப் பாம்பின் விஷத்தை வைத்து நாடு முழுவதற்கும் மருந்து செய்தால், தொலைவில் இருக்கிற விவசாயிக்கு அதே மருந்து போதுமான அளவு வேலை செய்யாமல் போகலாம். ஆகவே இப்படிப்பட்ட கூட்டுறவுகள் பல இடங்களில் வர வேண்டும். இருக்கிற ஒன்றுக்கே காகிதம் தர யோசிக்கிறவர்கள் பத்துக்கு எப்போது தருவார்கள்?

2024இல் மத்திய அரசு பாம்புக்கடி தடுப்புக்குத் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்கிறது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் எத்தனை பேர் செத்தார்கள் என்று சரியாக எண்ணுவது மட்டும் வைத்தியமாகுமா? 2030க்குள் பாதி என்றால் மருந்து எத்தனை குப்பி, அதற்கு விஷம் எத்தனை கிராம், அதற்குப் பாம்பு எத்தனை, அதற்கு அனுமதி எந்தத் தேதிக்குள்? இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்!

எங்கள் கோரிக்கைகள்

1. விஷம் எடுக்கும் அனுமதியை ஆண்டு தொடங்கும் முன்பே கொடு! வருடா வருடம் அலைக்கழிக்காமல் மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கொடு!

2. மனு கொடுத்த நாளிலிருந்து முடிவு சொல்லக் கெடு வை! தாமதமானால் காரணத்தை எழுத்தில் கொடு! முடிவு வரும்வரை பழைய அனுமதி செல்லும் என்று அறிவி!

3. எத்தனை பாம்பு என்பதை மருந்துத் தேவையைக் கணக்கிட்டு நிர்ணயம் செய்! அந்தக் கூட்டத்தில் இருளர் பிரதிநிதியையும் விவசாயி பிரதிநிதியையும் உட்கார வை!

4. மற்ற மாவட்டங்களிலும், மற்ற மாநிலங்களிலும் பழங்குடி மக்களின் விஷம் எடுக்கும் கூட்டுறவுகளைத் தொடங்கு!

5. வீட்டிலும் வயலிலும் வரும் பாம்பைப் பிடித்து விட இருளர் இளைஞர்களுக்கு அடையாள அட்டையும் முறையான கூலியும் கொடு!

6. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது என்று தினமும் பலகையில் எழுதிப் போடு!

7. பகலில் தடையில்லாத மும்முனை மின்சாரம் கொடு! ராத்திரி வரப்பில் எங்களை நடக்க வைக்காதே!

தோழர்களே, கடிபட்டால் செய்ய வேண்டியதையும் மனதில் வையுங்கள். கயிறு போட்டு இறுக்கக் கூடாது. பிளேடால் கீறக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் நாட்டு ஊசி நாலு பாம்புக்கும் பொதுவான ஒரே மருந்து.

இந்தக் கோரிக்கைகளை வலியுறுத்தித் தாலுகா அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்தப் போகிறோம். தேதியைக் கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து சொல்வார்கள். இந்த முறை நாம் தனியாகப் போகப்போவதில்லை. இருளர் குடியிருப்புக்கும் நாமே நேரில் போய், வாசலில் உட்கார்ந்து பேசி, சரிசமமாக அழைத்து வருவோம். முன்வரிசையில் அவர்கள் நிற்கட்டும். பாம்பின் முன்னால் நமக்காக நின்றவர்கள் அவர்கள். அதிகாரியின் முன்னால் அவர்களுக்காக நாம் நிற்போம்!

கோப்பு தூங்கலாம், பாம்பு தூங்காது!
விவசாயி உயிரோடு விளையாடாதே!
இருளர் உரிமை எங்கள் உயிர்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
விவசாயிகள் சங்கம்