வயிறு நிறைந்தவனுக்கு வாய் வேண்டாமா?

"வயிறு நிறைந்தால் போதும், வாய் எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே பெருகி வருகின்றனர். நாடு முன்னேற இரும்புக்கரம் வேண்டுமாம். உரிமை என்பது செல்வம் சேர்ந்த பின்னர் அனுபவிக்க வேண்டிய ஆடம்பரமாம்! இதற்குச் சான்றாக, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேஷியாவைச் சுட்டுகின்றனர். அச்சான்றையே நாமும் எடுத்துக்கொள்வோம்.

உள்ளதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1966இல் சுஹார்த்தோ அதிகாரத்தைக் கைக்கொண்டபோது, அங்கே விலைவாசி ஓராண்டிலேயே ஆறு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வெளிநாட்டு அரிசியை எதிர்பார்த்து நின்ற அந்நாடு, 1984இல் தன் தேவைக்குத் தானே விளைவித்துக்கொண்டது. 1970களில் சில ஆண்டுகளுக்குள் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் எழுந்தன. 'முன்னேற்றத்தின் தந்தை' என்ற பட்டமும் அவருக்குச் சூட்டப்பட்டது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால், கொடுத்த விலை என்ன? 1965-66இல் பொதுவுடைமையர் என்ற பெயரால் ஐந்து லட்சம் பேராவது கொல்லப்பட்டிருப்பர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. நாவலாசிரியர் பிரமோத்யா ஆனந்த தூர் விசாரணையே இன்றி 14 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். அவற்றுள் 10 ஆண்டுகள் புரூ தீவில் கழிந்தன. 1980இல் முன்னாள் பிரதமர் முஹம்மது நாத்ஸிர் உள்ளிட்ட 50 பெரியோர் அதிபரின் போக்கைக் கண்டித்து ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். அவர்கள் வெளிநாடு செல்லலாகாது, பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதலாகாது என்பதே கிடைத்த மறுமொழி. 1984இல் தஞ்சோங் பிரியோக் துறைமுகப் பகுதியில், கைதானோரை விடுவிக்கக் கோரிச் சென்ற முஸ்லிம்கள் மீது படையினர் சுட்டனர். 1994இல் 'தெம்போ' வார இதழ் உரிமம் பறிக்கப்பட்டு மூடப்பட்டது.

"துன்புற்றோர் சிலர், உண்டு மகிழ்ந்தோர் பலர் அல்லவா?" எனக் கேட்கலாம். பிழை இங்கேதான் உள்ளது. கேள்வி கேட்பார் இல்லாத வீட்டில் களஞ்சியத்திற்குக் காவல் ஏது? 1990களின் தொடக்கத்தில் கிராம்பு வாணிபத்தின் ஏகபோகம் அதிபரின் மகனுக்குச் சென்றது. 1996இல் கார்த் தொழிலில் தனிப்பட்ட வரிச்சலுகையும் அவருடைய நிறுவனத்துக்கே கிட்டியது. தட்டிக்கேட்க வேண்டிய ஏடுகளோ அஞ்சி ஒடுங்கியிருந்தன.

1997இல் தாய்லாந்தில் கிளம்பிய நாணயப் புயல் பல நாடுகளை உலுக்கியது உண்மையே. எனினும், உள்ளே உளுத்துப்போயிருந்த இந்தோனேஷியாவை அது சாய்த்தே விட்டது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூப்பியா என்றிருந்த மதிப்பு, 1998 ஜனவரியில் 10,000க்கும் கீழே சரிந்தது. அவ்வாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய 13 விழுக்காடு சுருங்கியது. மே 21ஆம் நாள் சுஹார்த்தோ பதவி துறந்தார். வாயை விற்று வாங்கிய சோற்றுக்கும் உத்தரவாதம் இல்லாது போயிற்று!

அதன்பின் 1999இல் சுதந்திரமான தேர்தல் நடந்தது. 2004இல் மக்களே அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். பேசத் தொடங்கியதால் அம்மக்கள் பட்டினியில் வீழ்ந்துவிடவில்லை. பொருளாதாரமும் மீண்டும் வளர்ந்தது.

பசி நீங்குதலையும் அச்சம் நீங்குதலையும் இணைபிரியா இரு அருட்கொடைகளாக எண்ணப் பழகியவர்கள் நாம். ஆட்சி என்பது அமானிதம். அதனை ஏற்றவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கணக்குக் கேட்பவனின் நாவை அறுக்க அவருக்கு உரிமை இல்லை. உணவிட்டோம் என்பதற்காக ஊமையாக இரு என்பார்க்கு நம் விடை இதுதான்: அந்த உணவு எம் உழைப்பால் விளைந்தது, அதைக் காக்கவே எமக்கு நாவும் வேண்டும்.