ஏட்டய்யாவுக்கு ஒரு காட்சி

செவ்வாய்க்கிழமை காலை அரூர் பஸ்ஸுக்காக எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றிருந்தேன். டி.வி.யில் 'சிங்கம்' மூன்றாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. துரை சிங்கம் ஆஸ்திரேலியாவில் யாரையோ துரத்திக்கொண்டிருந்தார். கடைக்காரர் சத்தத்தைப் பாதியாகக் குறைத்த பிறகும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.    

பெஞ்சில் மூன்று இளைஞர்கள். குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிவிட்டு வந்தவர்கள், லுங்கியில் செம்மண் காயவில்லை. அவர்களுக்குள் வாக்குவாதம்.

"பார்ட் ஒன்னுதான்டா படம். மத்ததெல்லாம் சும்மா கத்துறாங்க."

"ரெண்டும் நல்லாத்தான்டா இருந்துச்சு. மூணுலதான் ஒரு எழவும் புரியல. யாரு எதுக்கு ஓடுறான்னே தெரியல."

"டேய், காரு பறக்குதில்ல, அதுக்குத்தான் பாக்கறது!"

இந்தத் தீர்ப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டிருக்கிறேன். 2010 மே மாதம் முதல் படம் வந்தது, 2013 ஜூலையில் இரண்டாவது, பலமுறை தள்ளிப்போய் 2017 பிப்ரவரியில் மூன்றாவது. இயக்குநர் ஹரிதான், நாயகன் சூர்யாதான், மீசையும் அதேதான். ஆனாலும் நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் முதல் பாகத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் "அது நம்ம ஊரு படம்" என்பார்கள். அந்தப் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் படத்தில் கதை எங்கே பற்றிக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கையெழுத்தில். கண்டிஷன் பெயிலில் வந்த வில்லன் மயில்வாகனம் (பிரகாஷ்ராஜ்) நல்லூர் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்புகிறார். 'நீயே வந்து போடு' என்கிறார் எஸ்.ஐ. துரை சிங்கம். அவ்வளவுதான் பகை. நிலத்தகராறிலோ, அடிதடியிலோ ஜாமீன் வாங்கி, காலையில் குளித்து வெள்ளை வேட்டி கட்டி, ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஆள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. அந்த நோட்டின் கனம் தெரிந்தவர்கள் அவர்கள். பிரகாஷ்ராஜ் அந்த ஸ்டேஷன் படியேறியபோது தியேட்டரில் எழுந்த விசில், அந்த நோட்டுக்கும் சேர்த்து விழுந்தது. மூன்றாம் படத்தில் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் மருத்துவக் கழிவு, விசாகப்பட்டினம், கமிஷனர் கொலை என்று கதை பெரிதாகிவிட்டது. கழிவு இறக்குமதி உண்மையிலேயே பெரிய விஷயம், அதைத் தொட்டதற்கு ஹரியைப் பாராட்டுகிறேன். ஆனால் படத்தில் யாரும் நின்று ஒரு நோட்டில் கையெழுத்துப் போடவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு ஏட்டு நின்றிருந்தார். கோர்ட் டியூட்டி. தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழக்குக் கட்டு வைத்த மஞ்சப்பையை இரண்டு கால்களுக்கு நடுவே நிறுத்தி, டீயை ஊதி ஊதிக் குடித்தார். கழுத்துப்பட்டையில் வேர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. பையன்களில் ஒருவன், "ஏட்டய்யா, உங்களுக்கு எந்த பார்ட் புடிக்கும்?" என்று கேட்டான்.

அவர் டி.வி.யைப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஆனா மூணு படத்துலயும் ஒருத்தனும் பஸ் புடிச்சு கோர்ட்டுக்குப் போவல பாரு."

பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பஸ் வந்தது, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். இடம் இல்லை. அரூர் வரை நின்றுகொண்டே வந்தார்.

துரை சிங்கம் படத்துக்குப் படம் உயர்கிறார். முதலில் நல்லூர் எஸ்.ஐ., மூன்றாவதில் டி.சி.பி. பக்கத்தில் நிற்பவருக்கு அந்த யோகம் இல்லை. முதல் இரண்டு படங்களில் விவேக் எரிமலை என்ற பாத்திரமாக வந்தார், மூன்றாவதில் சூரி வந்தார். இருவருக்கும் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே: பயப்படுவது, உளறுவது, அறை வாங்குவது. ஆங்கிலப் போலீஸ் படங்கள் பலவற்றில் சமமான இரண்டு பேர் இருப்பார்கள். 1987-இல் தொடங்கி 1998 வரை நான்கு பாகம் வந்த 'லீத்தல் வெப்பன்' மெல் கிப்சனும் டேனி குளோவரும் சேர்ந்து தூக்கிய படம். தமிழ் டப்பிங்கில் நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்த 'ரஷ் ஹவர்' ஜாக்கி சானுக்கும் கிறிஸ் டக்கருக்கும் பாதிப் பாதி. 2007-இல் மூன்றாம் பாகம் வந்தபோது ஜாக்கிக்கு 53 வயது, சண்டையில் பழைய வேகம் இல்லை என்று பார்த்தவர்கள் குறைப்பட்டார்கள். ஆனாலும் அந்த இருவரின் சண்டையையும் சமாதானத்தையும் பார்க்கவே போனார்கள். நம்மிடம் சமமான இரண்டு போலீஸ்காரர்கள் ஒரே படத்தில் தோளோடு தோள் நிற்பது அபூர்வம். ஒருவர் ஐயா, இன்னொருவர் சல்யூட் அடிப்பவர். படம் பெரிதாகப் பெரிதாக ஐயா வளர்கிறார், சல்யூட் அடிப்பவர் சிறுக்கிறார். மூன்றாம் பாகத்தில் ஏதோ குறைகிறது என்று பையன்கள் சொன்னார்களே, குறைந்தது இந்த மனிதர்தான் என்பது என் எண்ணம்.

அதே சூரி ஆறு வருடம் கழித்துக் காக்கி போட்டு வந்தார். 2023 மார்ச் 31, வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம். நான் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன், ஐந்தாவது முறையும் பார்ப்பேன். ஜெயமோகனின் 'துணைவன்' கதையிலிருந்து எடுத்த படம். அந்தத் தலைப்பையே நான் பல நாள் மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நிற்பவனுக்கு இதைவிட நல்ல பெயர் தமிழில் கிடைக்காது.

சூரி நடித்த குமரேசன், மலையில் உள்ள போலீஸ் முகாமுக்குப் புதிதாக வந்த ஜீப் டிரைவர். காயம்பட்டுக் கிடக்கும் மலைக்கிராமத்துப் பெண்ணை முகாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறான். அது உத்தரவுக்கு விரோதம். அதிகாரியாக வரும் சேத்தன், மன்னிப்புக் கேள் என்கிறார். தப்புச் செய்யாதபோது எதற்கு மன்னிப்பு என்று குமரேசன் மறுக்கிறான். அதற்காக மாடாய் உழைக்க வைக்கிறார்கள். உழைக்கிறான், ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இந்த ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அரைப் படம் நகர்கிறது. முதல் 'சிங்க'த்தில் ஒரு கையெழுத்து, இதில் ஒரு மன்னிப்பு. இரண்டுமே காவல்துறையில் நிஜமாக நடக்கிற சமாச்சாரம். கீழ்நிலைக் காவலர் ஒருவர் "முடியாதுங்க ஐயா" என்று சொல்வது எவ்வளவு பெரிய சண்டைக்காட்சி என்பதை அந்தப் படம் எனக்குக் காட்டியது. முன்பு சிரிக்க வைத்த அதே முகம் அந்தச் சொல்லைத் தாங்கியது. சூரியின் தாடை அந்தக் காட்சிகளில் லேசாக நடுங்கும், கண் மட்டும் அதிகாரியை விட்டு விலகாது.

2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது கதை விஜய் சேதுபதி நடித்த வாத்தியார் பாத்திரத்துக்குப் போய்விட்டது. பேச்சு அதிகம், குமரேசன் ஓரமாகிவிட்டான் என்று இங்கே பார்த்தவர்கள் பலரும் வருத்தப்பட்டார்கள். வாத்தியாரின் அரசியலை மதிக்கிறேன். ஆனாலும் அந்த வருத்தத்தில் நானும் சேர்த்தி.

'விடுதலை' முதல் பாகத்தில் பெண்களை ஓரிடத்தில் அடைத்து விசாரிக்கும் காட்சி வரும். தர்மபுரியில் நான் படம் பார்த்தபோது அந்தக் காட்சியில் தியேட்டர் அப்படியே உறைந்தது. பின்வரிசையில் ஒரு பெரியவர், "வாச்சாத்தி" என்றார். ஒரே சொல். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை. 1992 ஜூன் 20. சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஊர்மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றதால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையில் 155, காவல்துறையில் 108, வருவாய்த்துறையில் 6. வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டு விசாரணையின்போது நீதிபதி பி.வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் வந்தார். 2023 செப்டம்பர் 29 அன்று, சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, உயர் நீதிமன்றம் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளியது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. பாதித் தொகையைப் பாலியல் குற்றம் செய்தவர்களிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது.

அந்த 269 பேரில் இந்திய வனப் பணி அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள். உத்தரவு போடும் இடத்தில் இருந்தவர்களும், உத்தரவுக்குப் பின்னால் நடந்தவர்களும் ஒரே பட்டியலில் நின்றார்கள். மேலே இருப்பவர் சொன்னார், நான் செய்தேன் என்பது யாரையும் காப்பாற்றவில்லை.

அரூரில் இறங்கியதும் ஏட்டய்யா மஞ்சப்பையைக் கைமாற்றிப் பிடித்தார். பை கனம். "எத்தனை வருஷக் கேஸுங்க?" என்று கேட்டேன். "ஏழு வருஷமாச்சுங்க. இன்னிக்கு சாட்சி வருவாரான்னு தெரியல," என்று சொல்லிவிட்டுக் கோர்ட் பக்கம் நடந்தார்.

போலீஸ் படம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்காம் பாகம் எடுங்கள், ஐந்தாம் பாகமும் எடுங்கள், நாங்கள் பார்ப்போம். கார் பறக்கட்டும். ஆனால் ஐயாவுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த ஏட்டுக்கு ஒரு வீடு கொடுங்கள், ஒரு வழக்குக் கட்டு கொடுங்கள், அரூர் பஸ்ஸில் உட்கார ஓர் இடம் கொடுங்கள். ஒரே ஒரு காட்சியிலாவது, அறை வாங்காமல், யாரையும் சிரிக்க வைக்காமல், ஐயாவின் முகத்தைப் பார்த்து "முடியாதுங்க ஐயா" என்று அவர் சொல்லட்டும்.