ஊசித்துளை ஒழுக்கு

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கின் விலை சொன்ன கதையைக் கூறி எம்மூரவரைக் கேலி செய்யாதார் அரியர். எமது மருமகனுக்கும் அன்று அவ்வாறே நேர்ந்தது. மோட்டார் சயிக்கிளின் தாங்கியில் பெற்றோல் ஒழுகுகிறது, என்ன செய்யலாம் என்று அவன் யாரையோ வினவியிருக்கிறான். ஈயம் வைத்தால் நின்றுவிடும் என்று விடை வந்திருக்கிறது. தாங்கியின் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

மாலையில் நாம் கல்லூரியினின்று திரும்பியபோது விறாந்தையில் கண்ட காட்சி எம்மைத் திடுக்கிடச் செய்தது. கழற்றிய தாங்கி சாக்கின்மேற் கிடந்தது. நாலடி தூரத்தில் சிரட்டைக்கரி அடுப்பில் பற்றுக்கோல் காய்ந்துகொண்டிருந்தது.

“மாமா, பயப்படாதீர்கள். ஒரு சொட்டும் இல்லை. எல்லாவற்றையும் வடித்துவிட்டேன்.”

நாம் விடை கூறவில்லை. தாங்கியைத் தூக்கிச் சென்று முற்றத்து வேம்படியில் வைத்தோம். பின்னரே அடுப்பை அவித்தோம். பையனின் முகம் சுண்டிவிட்டது.

வடித்த தாங்கி வெறுந்தாங்கி என்பது கண் செய்யும் மயக்கம். பெற்றோல், நீர் உறையும் குளிருக்கும் கீழே, ஏறத்தாழ மறை 40 பாகை செல்சியசிலேயே, தீப்பற்றத் தக்க ஆவியை விடுவது. எமது வெயிலில் அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாவி காற்றோடு நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருக்கும்போது பொறி ஒன்று பட்டால் வெடிக்கும். நிறைந்த தாங்கியின் மேற்பகுதியில் ஆவி மிகுந்து காற்றுக் குறைந்திருப்பதால் அது உள்ளே எரிவது அரிது. வடித்துவிட்டால் காற்றுப் புகுந்து, கலவை சரியான அளவுக்கு வந்து சேர்கிறது. ஆகவே நிறைந்த தாங்கியினும் வடித்த தாங்கியே கொடியது. அன்றியும் இவ்வாவி காற்றைவிட மும்மடங்குக்கு மேற் கனமானது. மேலெழுந்து கலையாமல் நிலத்தோடு தவழும். ஒழுக்கை ஏந்த வைத்த கிண்ணத்தினின்று அது விறாந்தை வழியே ஊர்ந்து, மாலையில் ஏற்றும் விளக்கைத் தேடிச் செல்லக்கூடும்.

இவ்வச்சம் எமக்குப் புத்தகத்தால் வந்ததன்று. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் நாம் சிறுவர். சயிக்கிள்கள் நீங்கலாக, ஓடிய வண்டிகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. எஞ்சினை உயிர்ப்பிக்க மட்டும் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் பிழிந்து விடுவார்கள். எந்தையாரின் மோட்டார் சயிக்கிளுக்கு அப்போத்தலைக் காவிச் சென்ற பெருமை எமக்குண்டு. அந்நாட்களில் அயலில் ஒருவர் வெறுந்தாங்கி என்றெண்ணி ஈயம் வைக்க முனைந்தார். அவருடைய இரு கைகளிலும் நெடுநாள் இருந்த தழும்பை எந்தையார் எமக்குக் காட்டிச் சொன்ன சொல் இன்றும் மறக்கவில்லை: “தம்பி, ஒழுகினால் சவர்க்காரம் பூசு, நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதே.”

சவர்க்காரம் விளையாட்டன்று. துணி தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைத் துளையில் அழுத்தித் தேய்த்தால் ஒழுக்கு நின்றுவிடும். சவர்க்காரம் நீரிற் கரையும், பெற்றோலிற் கரையாது. மழை பெய்தால் மட்டும் மறுபடி தேய்க்க வேண்டும். கராஜ் வரை வண்டியைக் கொண்டுசேர்க்க இது போதும். அதற்கு மேல் இதை நம்பலாகாது.

மறுநாட் காலை, பல்லாண்டு இத்தொழில் செய்பவர் ஒருவரிடம் தாங்கியைக் கொடுத்தோம். அவர் முதலில் துளையைத் தேடவில்லை. ஆணி முனையால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார். “மாஸ்ரர், இது உள்ளேயிருந்து வந்த கறள்” என்றார். தாங்கி அரைகுறையாய் நிற்கையில் உட்காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகும். நீர் பெற்றோலினுங் கனமானதால் அடியிற் தங்கித் தகட்டைத் தின்னும். வெளியே ஊசித்துளையாகத் தெரிவது உள்ளே காசளவு மெலிவாக இருக்கலாம். நல்லவேளையாக எமது தாங்கியில் மற்றைய இடம் உறுதியாயிருந்தது.

சலவைச் சோடா கலந்த வெந்நீரால் மும்முறை அலசினார். பின்னர் துளை மேல்நோக்கும்படி தாங்கியைச் சாய்த்து, துளைக்குக் கீழே விரலளவு இடம் விட்டு, நீரால் நிரப்பினார். ஆவி தங்க இடமில்லை. தகட்டின் சூட்டை நீர் முற்றாகக் குடித்துவிடவுமில்லை. தகட்டைப் பளபளக்கச் சுரண்டிப் பற்றாசு வைத்தார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அது 183 பாகையில் உருகத் தொடங்கும். அடுப்பு வேலிக்கு அப்பால் இருந்தது. பற்றுக்கோலை மட்டும் எடுத்துவந்தார். வேலை முடியப் பத்து நிமிடமும் ஆகவில்லை. அலசவும் பின்னர் வெயிலில் உலர்த்தவுமே முழுநாள் சென்றது.

ஒழுக்கைச் சிறிதென்று விடுவோருக்கு ஒரு கணக்கு. ஐந்து வினாடிக்கு ஒரு துளியென்றால் நாளொன்றுக்கு 17,280 துளி. கால் லீற்றருக்குக் குறையாது. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் மோட்டார் சயிக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே பங்கீடாகத் தொடங்கியது. அதில் ஏறக்குறையப் பாதி மண்ணுக்குப் போயிருக்கும்.

மருமகன் இப்பொழுது பயணப்பையில் அரைக்கட்டிச் சவர்க்காரம் வைத்திருக்கிறான். கிணற்றடியிலிருந்த மற்றைய பாதி எங்கே என்று எம் இல்லாள் மூன்று நாளாகத் தேடுகின்றார்.