வாசல் சிரிக்கக் கடன் எதற்கு?



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இப்போது அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு "எலிவேஷன்" வைத்துப் பார்!

கஷ்டப்பட்டு ஒரு சின்ன வீட்டைக் கட்டி முடித்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "முன்னாடி எலிவேஷன் ஒண்ணும் வைக்கலையா?" என்பதுதான். முன்சுவருக்கு டைல்ஸ், தூணுக்குக் கிரானைட், பளபளன்னு ஒரு ஸ்டீல் கேட்... இதற்காகவே குழுக் கடன் வாங்குகிற குடும்பங்கள் உண்டு. கடன் வாங்கினால் வாரா வாரம் தவணை. தவணை கட்டுகிற வாரத்தில் நோட்டு வாங்கக் காசு கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்று நம்மில் பலருக்கும் தெரியும்தானே?

என் கருத்து இதுதான். வீட்டு முகப்பு அழகாக இருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அழகைக் கடன் வாங்கிக் கொண்டுவர வேண்டாம். நம் கையாலேயே கொண்டுவரலாம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடு 300 சதுர அடி. 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. இந்த மாதிரி வீட்டின் முன்சுவர் 15 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 150 சதுர அடி. அதில் கதவு 7 x 3 = 21. ஜன்னல் 4 x 3 = 12. கழித்தால் மிச்சம் 117 சதுர அடிதான்! இந்த 117 சதுர அடிக்கா வருடக் கணக்கில் வட்டி கட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், அக்கா, தம்பி எல்லாரும் சேர்ந்தால் முடிகிற வேலை அல்லவா?

எப்படி என்று கேட்கிறீர்களா? இதோ வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பெருக்குங்கள். உடைந்த நாற்காலி, ஓட்டை வாளி, பழைய சைக்கிள் டயர் எல்லாம் முன்வாசலில்தான் குவிந்து கிடக்கும். அவற்றை எடுத்தாலே பாதி அழகு வந்துவிடும். செலவு பூஜ்யம்! பழைய இரும்புக்கடையில் போட்டால் கையில் கொஞ்சம் வரவும் செய்யும்.

2. ஒழுகலைப் பாருங்கள். சுவரில் விரிசல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். மழைச்சாரல் பட்டுச் செங்கல் உதிர்ந்தால், இருக்கிற காசுக்குப் பூச்சு வேலைதான் முதலில். உள்ளே ஓதம் ஏறிக்கொண்டிருக்க, வெளியே டைல்ஸ் ஒட்டி என்ன பயன்?

3. சுண்ணாம்பு அடியுங்கள். வேதியியலில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சுட்ட சுண்ணாம்பு தண்ணீரில் சேர்ந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதைச் சுவரில் பூசினால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட் ஆக மாறும். அதனால்தான் அடித்த அன்றைக்கு மங்கலாகத் தெரிகிற சுவர், இரண்டு மூன்று நாளில் பளிச்சென்று ஆகிறது. வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பும், வீட்டுக்குள்ளும் சூடு குறையும். சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் அரிசிக் கஞ்சியோ பசையோ சேர்த்து, ஒரு துளி நீலமும் விட்டால் போதும். சுவரை நனைத்துவிட்டு இரண்டு முறை மெல்லிசாக அடிக்க வேண்டும். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சுவரில் இது சரியாக ஒட்டாது. பூச்சுச் சுவரிலும், முன்பு சுண்ணாம்பு அடித்த சுவரிலும் நன்றாகப் பிடிக்கும்.

கவனம்! சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. அந்த வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்திலும் கரைக்கக் கூடாது.

4. அடியில் இரண்டடிக்குக் காவிப் பட்டை. இது வெறும் அலங்காரம் இல்லை. மழை பெய்யும்போது மண் தெறித்துச் சுவரின் அடிப்பாகம்தான் அழுக்காகும். காவி நிறத்தில் அது தெரியாது. நம் பாட்டிமார்கள் சும்மா செய்யவில்லை!

5. கதவுக்கும் ஜன்னலுக்கும் ஒரே நிறம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சின்ன டப்பா பெயிண்ட் வாங்கி அடித்தால் போதும். கதவு எண்ணையும் அழகாக எழுதிவிடுங்கள். தபால்காரருக்கும் உதவி.

6. செடி வையுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் கிளையை ஒடித்து வைத்தாலே வளரும். பத்துமணிப் பூவுக்கு ஒரு விரல் நீளத் தண்டு போதும். தொட்டி வாங்க வேண்டாம். உடைந்த குடமும் பெயிண்ட் டப்பாவும் போதும், அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசல் முழுக்க சிமெண்ட் போட்டு மூடுவதுதான் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். 2003-இல் நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியாகப் பூமிக்குள் விட்டுவிட்டு, வாசலில் விழுகிற தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புவது என்ன நியாயம்? நடக்கிற வழிக்கு மட்டும் கல் பதித்து, மீதியை மண்ணாகவே விடுங்கள். சாணம் தெளித்துக் கோலம் போட்டால் அதைவிட அழகு உண்டா?

"அதெல்லாம் சரி, முகப்பு நல்லா இருந்தாத்தானே ஊர் மதிக்கும்? நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று பெரியவர்கள் கேட்கலாம். அவர்கள் கவலை பொய்யில்லை, ஊர் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் வருகிறவர்கள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். தவணைக்காரர் வாரா வாரம் வருவாரே! சுத்தமான வெள்ளைச் சுவரும் கோலம் போட்ட வாசலும் பூத்த செம்பருத்தியும் இருக்கிற வீட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், டைல்ஸ் ஒட்டினாலும் வேறு ஒரு குறை கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக, நண்பர்களே, இது நமக்கு. "அவன் வீடு இன்னும் பூசாத வீடுடா" என்று நம் வகுப்பிலேயே கேலி பேசுவதைக் கேட்கிறோம். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரைத் தெரியுமா? 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேரளாவில் வாழ்ந்து 2007-இல் மறைந்தவர். செலவைக் குறைப்பதற்காகவே நன்றாகச் சுட்ட செங்கலை அடுக்கி, சுவருக்குப் பூச்சே இல்லாமல் விட்டவர். திருவனந்தபுரம் உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் அப்படிப்பட்ட செங்கல் கட்டடம்தான். 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். அங்கே பூசாத சுவர் கலை, நம் நண்பன் வீட்டில் மட்டும் கேலியா? பூசாத சுவருக்குப் பின்னால் ஒரு அப்பாவின் உழைப்பும் ஒரு அம்மாவின் சேமிப்பும் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்க நாம் யார்? அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பல வீடுகளில் கடனே வாங்குகிறார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டில் செம்பருத்தியோ பத்துமணிப் பூவோ இருப்பவர்கள், அடுத்த திங்கட்கிழமை ஆளுக்கொரு கிளை ஒடித்துக்கொண்டு வாருங்கள். இல்லாதவர்களுக்குக் கொடுப்போம். பசுமைப் படை ஆசிரியர் அனுமதித்தால் இடைவேளையில் வேப்பமரத்தடியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

கடன் இல்லாத வாசலே கண்ணுக்கு அழகு!
சிந்திப்போம்... செயல்படுவோம்...

— பதினோராம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு