தியாகனூர் போய்ட்டு அப்புறம் லடாக் போங்க பாஸ்!

செமஸ்டர் எக்ஸாம் நெருங்கிட்டா எல்லா காலேஜ் கேன்டீன்லயும் ஒரே பேச்சுதான். "மச்சி, இந்த வாட்டி லடாக்!" டீ ஆறுறதுக்குள்ள பத்து பேர் கை தூக்குவாங்க. வீட்ல கேட்டு, பட்ஜெட் போட்டு, கடைசியில ஏலகிரி போய்ட்டு வந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. அது இருக்கட்டும். நிஜமாவே இமயமலைப் பக்கம் டூர் போனா என்னதான் காட்டுறாங்க, அதுல நமக்கு என்ன இருக்குன்னு இந்த வாரம் பார்ப்போம். அப்படியே நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கும் ஒரு ரவுண்டு வந்துடலாம்.

முதல்ல லே நகரம். சுமார் 3,500 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியே 2,240 மீட்டர்தான், கணக்கு போட்டுக்கங்க. அங்க இறங்கின உடனே ஓடி ஆடக் கூடாது. ஒண்ணு, ரெண்டு நாள் ரூம்ல சும்மா கிடந்து உடம்பைப் பழக்கணும். இல்லைன்னா தலைவலி, வாந்தின்னு டூரே காலி. அப்புறம் வண்டியில ஏத்தி மடாலயம் மடாலயமா கூட்டிட்டுப் போவாங்க. திக்ஸே மடாலயத்துல ரெண்டு மாடி உயரத்துக்கு மைத்ரேய புத்தர் உட்கார்ந்திருப்பார். ஹெமிஸ்ல முகமூடி நடனத் திருவிழா. ஆல்ச்சியில தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தின சுவரோவியங்கள். இமாச்சலப் பக்கம் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போனா தாபோ மடாலயம். அந்தப் பக்கம் அருணாச்சலப் பிரதேசத்துல தவாங், இந்தியாவிலேயே பெரிய மடாலயம்.

இதுல தாபோவைக் கொஞ்சம் கவனிங்க. கி.பி. 996-ல கட்டினது. வெளியே இருந்து பார்த்தா நம்ம ஊர்ல மண் சுவர் வச்சுக் கட்டின பழைய வீடு மாதிரிதான் இருக்கும். கோபுரம் கிடையாது, பளபளப்பு கிடையாது. "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"னு தோணும். கைடு உள்ள கூட்டிட்டுப் போவார். கண்ணு இருட்டுக்குப் பழகினதும் நாலு சுவர்லயும் ஓவியம், மேல மண்ணால செஞ்ச சிலைகள். இது யாரு, அந்தக் கை ஏன் தரையைத் தொடுது, இந்தக் கதை புத்தரோட வாழ்க்கையில எந்தக் கட்டம்னு ஒவ்வொண்ணா சொல்லுவார். பத்து நிமிஷத்துல அந்த மண் சுவர் ஒரு புத்தகம் மாதிரி ஆயிடும். கைடு இல்லாம போறவங்க அதே சுவர் முன்னாடி நாலு போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க.

டூர்ல உண்மையில காசு கொடுத்து வாங்குறது பனியையும் மலையையும் இல்லை, அந்தக் கைடோட கண்ணைத்தான். அந்தக் கண்ணு நமக்கே இருந்தா?

இப்ப கல்வராயன் மலை அடிவாரத்துக்கு வாங்க. சின்னசேலம் பக்கத்துல நைனார்பாளையம். நைனார்ங்கற சொல்லுக்குத் தலைவர், சாமின்னு பொருள். தமிழ்ச் சமணர்கள் பேருக்குப் பின்னாடி இன்னிக்கும் வர்ற பட்டம் அது. உங்க ஊர்ப் பேரு எப்படி வந்துச்சுன்னு வீட்ல தாத்தா, பாட்டிகிட்ட கேட்டு வைங்க. நைனார்பாளையத்துல காலையில பஸ் ஏறி, சின்னசேலம் வந்து, அங்கிருந்து சேலம் போற பஸ்ல தலைவாசல்ல இறங்கிடுங்க. காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர் போன அதே தலைவாசல்தான். அங்கிருந்து உள்ளே போனா வசிஷ்ட நதிக்கரையில ஆறகழூர், அதுக்குப் பக்கத்துல தியாகனூர். ரெண்டு ஊர்லயும் புத்தர் இருக்கார்! தியாகனூர்ல ஒண்ணுக்கு ரெண்டு. கருங்கல்லுல செஞ்ச, உட்கார்ந்து தியானம் பண்ணுற பெரிய சிலைகள். வயலும் தோப்புமா இருக்குற ஒரு சின்ன கிராமத்துல இவ்ளோ பெரிய புத்தர் எப்படி வந்தார்னு நின்னு யோசிக்க வைக்கும்.

ஆறகழூர் ஒண்ணும் சாதாரண ஊர் இல்லை. 12, 13-ம் நூற்றாண்டுகள்ல மகதை மண்டலத்தோட தலைநகரம். வாணகோவரையர்கள் இங்கிருந்துதான் ஆண்டாங்க. ஆறு அகழிகள் இருந்ததால ஆறகழூர்னு சொல்லுவாங்க. காமநாதீஸ்வரர் கோயில்ல தேய்பிறை அஷ்டமிக்கு பைரவரைப் பார்க்க எங்கெங்கேயோ இருந்து கூட்டம் வரும். அந்தக் கூட்டத்துல எத்தனை பேர் அதே ஊர்ல இருக்குற புத்தரை எட்டிப் பார்த்திருப்பாங்க?

சரி, சிலையைப் பார்த்ததும் அது புத்தர்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதோ உங்களுக்கான பிட்டு. எக்ஸாம் ஹாலுக்குக் கொண்டு போகாதீங்க, தியாகனூருக்குக் கொண்டு போங்க!

முதல்ல கையைப் பாருங்க. ரெண்டு கையும் மடியில ஒண்ணு மேல ஒண்ணா இருந்தா தியான முத்திரை. நம்ம பக்கத்து புத்தர் பெரும்பாலும் இப்படித்தான் இருப்பார். வலது கை முட்டிக்கு முன்னால தொங்கி தரையைத் தொட்டா அது பூமிஸ்பரிச முத்திரை, இமயமலைப் பக்கம் நிறையப் பார்க்கலாம். ஞானம் கிடைச்ச ராத்திரிக்குப் பூமியையே சாட்சியாக் கூப்பிட்டார்ங்கறது கதை. அடுத்து தலை. சுருள் சுருளா முடி, உச்சியில ஒரு புடைப்பு. தமிழ்நாட்டுச் சிலைகள்ல அது தீச்சுடர் மாதிரி இருக்கும். காது தோளைத் தொடுற மாதிரி நீளம். நெத்தியில சின்னதா ஒரு வட்டம்.

இங்கதான் குழப்பமே. சமணத் தீர்த்தங்கரரும் இதே மாதிரிதான் உட்கார்ந்து, அதே மாதிரிதான் கையை வச்சிருப்பார். காதும் நீளம், முடியும் சுருள். அப்ப எப்படிப் பிரிக்கிறது? மார்பைப் பாருங்க. இடது தோள் மேல துணியோட விளிம்பு ஒரு கோடா ஓடினா புத்தர். துணியே இல்லாம, தலைக்கு மேல மூணு அடுக்குக் குடை இருந்தா பெரும்பாலும் தீர்த்தங்கரர். ஒப்பிட்டுப் பார்க்கணும்னா நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துலயே, உளுந்தூர்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டைக்குப் போங்க. குன்று மேல அப்பாண்டைநாதர் கோயில். பார்சுவநாதர்தான் மூலவர். தமிழ்ச் சமணர்கள் இன்னிக்கும் வழிபடுற இடம். அங்க கேட்டா சொல்ல ஆள் இருக்காங்க. ஆனா நம்ம பக்கம் புத்தர் சிலைகளைச் சுத்தி இருந்த பிக்குகள் எப்பவோ போய்ட்டாங்க. சிலை நின்னுச்சு, அதைப் பத்திச் சொல்ல வேண்டியவங்க இல்லை.

அப்படிச் சொல்ல ஆளில்லாம போனா என்ன ஆகும்? அதுக்குத்தான் அதே ரூட்ல ஆத்தூர் தாண்டி நேரா சேலம் போகணும்.

சேலம் கோட்டை ரோடு பக்கம் தலைவெட்டி முனியப்பன் கோயில்னு ஒண்ணு. தலை துண்டாகி, அதைத் திரும்ப ஒட்டி வச்ச சிலை. ஊர் மக்கள் அதை முனியப்பனாக் கும்பிட்டு வந்தாங்க. "இது புத்தர் சிலை"ன்னு 2011-ல வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையைப் பார்த்துச் சொல்லச் சொன்னுச்சு. அவங்க போய்ப் பார்த்துக் கொடுத்த அறிக்கையில என்ன இருந்துச்சு தெரியுமா? தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி, நீளமான காது. அதாவது மேல நீங்க படிச்ச அதே பிட்டு! தலையை சிமென்ட் கலவையால ஒட்டியிருந்தாங்கன்னும் எழுதியிருந்தாங்க. 2022 ஜூலையில தீர்ப்பு வந்துச்சு. அது புத்தர்தான், தொல்லியல் துறை இடத்தை எடுத்துக்கணும், இது புத்தர் சிலைன்னு போர்டு வைக்கணும், மக்கள் வந்து பார்க்கலாம், ஆனா பூஜை கூடாதுன்னு நீதிபதி சொன்னார்.

இதைப் படிச்சதும் ஒரு தரப்பு "சூப்பர்"னு கை தட்டும். இன்னொரு தரப்பு "அத்தனை வருஷமா கும்பிட்டவங்க மனசு?"ன்னு கேட்கும். ரெண்டையும் சட்டுனு ஒதுக்க முடியாது பாஸ். ஒரு சிலையோட பேரை மாத்தினா அதைச் செஞ்சவங்களோட வரலாறே மறைஞ்சு போகும். அதனால போர்டு வேணும். அதே சமயம், அந்தக் கல்லை யாரும் உடைச்சு ஜல்லியாக்கிடாம இருந்ததுக்கு, பொங்க வச்சு மாலை போட்டவங்களும் ஒரு காரணம். பேரு தெரியாமலே காப்பாத்திக் கொடுத்தவங்க அவங்க. அவங்களைக் கிண்டல் பண்ணிட்டு நாம அறிவாளி ஆக முடியாது. சண்டை வழக்கு வரைக்கும் போனதுக்குக் காரணம், அந்த முகத்தை அடையாளம் சொல்ல நடுவுல பல தலைமுறைக்கு ஆள் இல்லாததுதான்.

இதுக்கு ஒரு பெரிய உதாரணம் நாகப்பட்டினம். தாபோ 996-னு சொன்னேன் இல்லையா? அதுக்குச் சுமார் பத்து வருஷம் கழிச்சு, ராஜராஜ சோழன் காலத்துல, ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு ஒரு பிரமாண்டமான பௌத்தப் பள்ளியைக் கட்டினார். கடல் தாண்டி இன்னிக்கு இந்தோனேசியான்னு சொல்றோமே, அந்தப் பக்கத்து ராஜா. அதுக்கு ஆனைமங்கலம்ங்கற ஊரையே சோழர் தானமாக் கொடுத்தாங்க. அந்தச் செப்பேடு நெதர்லாந்து போய் 'லெய்டன் செப்பேடு'ன்னு பேர் வாங்கிடுச்சு. ஆக, இமயமலையில ஒண்ணு, வங்கக் கடலோரம் ஒண்ணு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

தாபோவுல இன்னிக்கும் பிக்குகள் இருக்காங்க. 1975-ல நிலநடுக்கத்துல அடி வாங்கியும் பக்கத்துலயே புதுப் பிரார்த்தனைக் கூடம் கட்டிக்கிட்டாங்க. தலாய் லாமா 1996-ல ஆயிரமாவது வருஷத்துக்கு அங்கேயே காலசக்கரச் சடங்கு நடத்தினார். நாகப்பட்டினத்துல? மிச்சம் நின்ன செங்கல் கோபுரத்தையும் 1867-ல இடிச்சுட்டாங்க. அங்க மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தர் வெண்கலச் சிலைகள்ல பலதை சென்னை எழும்பூர் மியூசியத்துலயும், மத்ததை வெளிநாட்டு மியூசியங்கள்லயும் பார்க்கலாம். நிலநடுக்கம் பண்ணாததை, 'இது எங்களோடது'ன்னு சொல்ல ஆளில்லாத நிலை பண்ணிடுச்சு.

'இனிமே என்ன பண்ண முடியும்'னு கேட்கறீங்களா? கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்த உ.வே.சாமிநாதையரைக் கேட்டா சொல்லியிருப்பார். மணிமேகலை ஓலைச்சுவடி அவர் கையில இருந்துச்சு. ஆனா அதுல வர்ற பௌத்த விஷயங்களை விளக்கத் தமிழ் நாட்டுல ஆளே கிடைக்கலை. கடைசியில அதே காலேஜ்ல வேலை பார்த்த ரங்காசாரியார்ங்கற பேராசிரியர், இங்கிலீஷ்ல வந்திருந்த பௌத்தப் புத்தகங்களைப் படிச்சுச் சொல்லிச் சொல்லி உதவினார். 1898-ல மணிமேகலை அச்சுல வந்துச்சு. ஒரே காலேஜ்ல வேலை பார்த்த ரெண்டு பேர் உட்கார்ந்து பேசினதுல, ஒரு காப்பியத்துக்கே அர்த்தம் திரும்பக் கிடைச்சுது! அப்புறம் மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்'னு ஒரு புத்தகமே எழுதினார். உங்க காலேஜ் லைப்ரரியில தேடிப் பாருங்க.

உங்ககிட்டயும் காலேஜ் இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, கையில கேமரா போன் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை போதும். நாலு பேரா கிளம்புங்க. ஒருத்தர் கையைப் பார்க்கட்டும், ஒருத்தர் தலையைப் பார்க்கட்டும், ஒருத்தர் பீடத்துல எழுத்து இருக்கான்னு பார்க்கட்டும். நாலாவது ஆள் ஊர்ப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து, 'இந்தச் சாமிக்கு என்ன பேருங்கய்யா, எப்போ இருந்து கும்பிடறீங்க?'ன்னு கேட்கட்டும். திருத்தப் போகாதீங்க, முதல்ல எழுதிக்கங்க. அவங்க சொல்ற பேரும் வரலாறுதான்.

கொஞ்சம் ரூல்ஸும் உண்டு. மடாலயத்துல கைடு சொல்ற அதே ரூல்ஸ்தான். செருப்பைக் கழட்டுங்க. ஸ்தூபியைச் சுத்தினா வலப்பக்கமாச் சுத்துங்க. பழைய ஓவியத்துக்கு ஃப்ளாஷ் அடிக்காதீங்க. சிலை மடியில உட்கார்ந்து போஸ் கொடுக்காதீங்க. எண்ணெய், சாயம், சாக்பீஸ் எதையும் தடவாதீங்க. வயல்ல, ஏரிக்கரையில புதுசா ஏதாவது சிலை கண்ல பட்டா நகர்த்தாம, அப்படியே போட்டோ எடுத்து தாசில்தார் ஆபீஸ்ல சொல்லுங்க. மண்ணுக்குள்ள இருந்து கிடைக்கிறதைக் கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும்னு 1878-லயே புதையல் சட்டம் போட்டுட்டாங்க.

வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, கண்டிப்பா லடாக் போங்க. தாபோ போங்க, தவாங் போங்க. அங்க கைடு ஒரு புத்தரைக் காட்டி, "இந்த முத்திரை என்னன்னு யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்பார். வண்டியில வந்தவங்க எல்லாம் முழிக்கும்போது நைனார்பாளையத்துப் பையனோ பொண்ணோ டக்குனு பதில் சொல்லணும். "எப்படித் தெரியும்?"னு அவர் கேட்டா, தியாகனூரைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் சொல்லிட்டு வாங்க. அவரும் ஒரு தடவை நம்ம பக்கம் டூர் வரட்டுமே!